பெற்றோர் என்னும் பெயர்

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்!"

இந்தக் கேலியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. அடம்பிடிக்கும் தங்கையை அழவைக்க அண்ணன்மார் கையாளும் பழைய ஆயுதம் இது. வாசலில் வந்தவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கினார்களாம்! குழந்தை அழுதுகொண்டே ஓடித் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாம்மா?" என்று கேட்கும். தாய் சிரிப்பாள், குழந்தையும் சிரிக்கும், கேலி அத்துடன் முடிந்துவிடும்.

ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரிக்க முடியாமல் முகம் மாறிய ஒரு தாயை நான் அறிவேன். அவர் என் சித்தி.

அன்பு மாணவியரே! பெற்றோர்களே! தத்தெடுத்தல் என்பது ஏதோ பிள்ளையில்லாத சிலரின் சொந்த விஷயம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது உண்மையன்று. நம் வகுப்பறைகளில் தத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் தெருக்களில் தத்தெடுத்த பெற்றோர் வாழ்கிறார்கள். உங்களுள் சிலர் நாளை தத்தெடுக்கும் தாய்மாராகவும் ஆகலாம். ஆகவே, இதன் முறை என்ன, சட்டம் என்ன சொல்கிறது, கன்னியர் நடத்தும் இல்லங்களுக்கு இதில் என்ன பங்கு என்பவற்றை நாம் தெளிவாக அறிந்திருத்தல் நலம். என் சித்தி குடும்பத்தின் அனுபவத்தையே துணையாகக் கொண்டு இவற்றை விளக்க முயல்கிறேன். இதை எழுத அவர்கள் இசைவு தந்தார்கள். பெயர்களையும் ஊரையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

ரயிலில் வந்த தங்கை

1984-ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. இதே பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி. சித்திக்குத் திருமணமாகிப் பத்தாண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள்; வைத்தியம் பார்த்தார்கள். பின்னர் பங்குத் தந்தையின் ஆலோசனைப்படி, கன்னியர் நடத்திய ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

அக்காலத்து முறை மிக எளிது. பங்குத் தந்தையின் நற்சான்றுக் கடிதம், சித்தப்பாவின் சம்பளச் சான்று, மதரோடு இரண்டு முறை பேச்சு. இவ்வளவுதான். ஒரு மாலையில் சித்தி ரயிலை விட்டு இறங்கியபோது அவர் மடியில் மூன்று மாதக் குழந்தை ஒன்று வெள்ளைத் துண்டில் சுற்றப்பட்டிருந்தது. நான்தான் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாரமே திருமுழுக்கு. பள்ளியில் சேர்த்தபோது படிவத்தில் "தாய்" என்ற இடத்தில் சித்தியின் பெயர்.

ஆனால், வீட்டு பீரோவின் அடித்தட்டில் வேறொரு தாள் இருந்தது. மாவட்ட நீதிமன்றம் கொடுத்த அந்த உத்தரவில் சித்தியும் சித்தப்பாவும் பெற்றோர் என்று குறிப்பிடப்படவில்லை. "கார்டியன்", அதாவது பாதுகாவலர் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார்கள்.

ஏன் அப்படி?

இந்து சமயத்தினருக்கு 1956-ஆம் ஆண்டிலேயே தத்தெடுத்தலுக்கும் வாழ்க்கைப் பொருளுதவிக்கும் உரிய சட்டம் வந்துவிட்டது. அது பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் பொருந்தும். கிறிஸ்தவர், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோருக்கு அத்தகைய சட்டம் இல்லை. எல்லாச் சமயத்தினரும் தத்தெடுக்க வழிசெய்யும் மசோதா ஒன்று 1972-இல் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது, அது நிறைவேறவில்லை. 1980-இல் வந்த மற்றொன்றும் நிறைவேறவில்லை. எனவே, கிறிஸ்தவத் தம்பதியர் ஆங்கிலேயர் காலத்து 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தைக்குப் பாதுகாவலராக மட்டுமே நியமனம் பெற முடிந்தது.

பாதுகாவலர் என்ற உறவு குழந்தைக்கு வயது நிறைந்ததும் முடிந்துவிடும். உணவு, உடை, கல்வி, அன்பு எல்லாம் கொடுக்கலாம். ஆனால், மகள் என்ற உரிமையை அந்தத் தாளால் கொடுக்க முடியாது. பெரும்பாலோர் இதை உணரவில்லை. கையில் குழந்தை இருந்தது. நெஞ்சில் அன்பு இருந்தது. தாளில் என்ன எழுதியிருந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

வக்கீல் அறையில் ஒரு நாள்

1998-இல் சித்தப்பா மாரடைப்பால் திடீரெனக் காலமானார். உயில் எழுதவில்லை. குடியிருந்த வீடு அவர் பெயரில் இருந்தது.

கிறிஸ்தவர்களின் சொத்துரிமையை வகுப்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல், வழித்தோன்றல்கள் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவர் சொத்தில் பாதி மனைவிக்கும் மறுபாதி அவருடைய இரத்த உறவினருக்கும் சேரும் என்பது அதன் விதி. சித்தப்பாவின் பெற்றோர் முன்னரே இறந்துவிட்டார்கள். உடன்பிறந்தார் இருவர் இருந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் "அப்பா" என்று அழைத்த மகள், சட்டத்தின் கண்ணுக்கு வழித்தோன்றல் அல்லள்.

வாரிசுச் சான்றிதழ் விஷயமாகச் சித்தி வக்கீலைப் பார்க்கப் போனபோது தங்கையும் உடன் சென்றாள். மேசைமேல் கிடந்த காகிதக் கட்டில், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த அந்த உத்தரவு இருந்தது. கான்வென்டில் படிக்கும் பெண்ணல்லவா? தன் பெயரைக் கண்டதும் எடுத்துப் படித்திருக்கிறாள்.

"அம்மா, இதிலே ஏன் கார்டியன் என்று போட்டிருக்கிறது?"

தான் பெற்ற பிள்ளையன்று என்பதைச் சித்தி அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "வயது வரட்டும், பக்குவமாகச் சொல்லலாம்" என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டிருந்தார். தவிட்டுக் கேலி காதில் விழுந்தபோதெல்லாம் முகம் மாறியதன் காரணம் இதுவே. தந்தையை இழந்த துக்கம் ஆறுமுன், அந்நிய ஒருவர் அறையில், ஒரு காகிதத்தின் வாயிலாக அவளுக்கு அந்தச் செய்தி கிடைத்தது.

சித்தப்பாவின் அண்ணன் தம் பங்கை மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தம்பி இசையவில்லை. அவர் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. சட்டம் கொடுத்ததை அவர் கேட்டார். நகைகளை விற்று, அவருக்குரிய கால் பங்கின் விலையைக் கொடுத்துச் சித்தி அந்த வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்.

அந்த வருத்தம் காலப்போக்கில் மறைந்தது. ஆனால், தங்கை நெடுநாள் யாரோடும் பேசவில்லை. "என்னைப் பெறவில்லை என்பதற்காக நான் அழவில்லை அக்கா. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையே என்றுதான் அழுகிறேன்" என்று பின்னொரு நாள் சொன்னாள். அந்த எல்லாருள் நானும் ஒருத்தி.

சட்டம் மாறிய வரலாறு

சித்தி குடும்பம் இவ்வாறு தவித்த மறு ஆண்டே, 1999-இல், கேரள உயர் நீதிமன்றம் ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் தத்துப் பிள்ளைக்கு வாரிசுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இளைஞர் நீதிச் சட்டம், பெற்றோரின் சமயம் எதுவாயினும் ஆதரவற்ற குழந்தையைத் தத்தெடுக்க வழி திறந்தது. 2006-இல் செய்யப்பட்ட திருத்தம், அவ்வாறு தத்தெடுக்கப்பட்ட குழந்தை எல்லா உரிமைகளோடும் புதிய பெற்றோரின் குழந்தையே என்று தெளிவாக்கியது. எந்தச் சமயத்தவரும் இச்சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் வந்த 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளும் இன்றைய முறையை வகுத்துள்ளன.

இதற்கு முன்னரே வேறு சில நிகழ்ச்சிகளும் நடந்தன. இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்படுவதில் முறைகேடுகள் உள்ளன என்று ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதை வழக்காக ஏற்று, 1984-இல் நீதியரசர் பகவதி விரிவான நெறிமுறைகளை வகுத்தளித்தார். அதன் பயனாக 1990-இல் மத்தியத் தத்து வள ஆணையம் தோன்றியது. அதைக் "காரா" என்று சுருக்கமாக அழைப்பர். நம் மாநிலத்தில், பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் பொருட்டு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. "கொல்லாதே, தொட்டிலில் இட்டுச் செல், நாங்கள் வளர்க்கிறோம்" என்பதே அத்திட்டத்தின் கருத்து. வேண்டாமென்று விடப்பட்ட பெண் குழந்தைகள் பலர் அதன் வழியாக வீடு பெற்றார்கள். இன்று நம் நாட்டில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளே மிகுதியாகத் தத்தெடுக்கப்படுகிறார்கள் என்பது பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் எண்ணி மகிழத்தக்க செய்தியன்றோ!

தத்துக்குரிய குழந்தை யார்?

இல்லங்களில் வளரும் பிள்ளைகள் எல்லாரையும் தத்தெடுக்க முடியும் என்பது பலரின் தவறான எண்ணம். விடுதிகளிலும் இல்லங்களிலும் உள்ள பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வறுமையால் அங்கே விட்டிருக்கிறார்கள். அவர்கள் தத்துக்குரியவர்கள் அல்லர்.

பெற்றோரும் வேறு ஆதரவும் அற்ற குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோராலேயே ஒப்படைக்கப்பட்ட குழந்தை ஆகிய மூவகையினரையே, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு விசாரித்துத் "தத்துக்குத் தடையில்லை" என்று அறிவிக்கும். கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேடவேண்டும். நாளிதழில் விளம்பரம் செய்யவேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் இவ்விசாரணை இரண்டு மாதங்களில் முடியவேண்டும்.

வளர்க்க இயலாத நிலையில் ஒரு தாய் தன் குழந்தையை ஒப்படைக்க விரும்பினால், நலக் குழுவின் முன் வந்து கையெழுத்திடுவாள். அதன் பின்னும் அவளுக்கு அறுபது நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவள் பெயர் வெளியிடப்படுவதில்லை. இந்த அறுபது நாள் விதியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இளகும். எங்கோ ஒருத்தி நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசுவது எளிது. குப்பைத் தொட்டியில் எறியாமல், உயிரோடு ஒரு கையில் கொடுத்துச் சென்றவள் அவள் என்பதை நாம் மறக்கலாகாது.

"தத்து" என்ற சொல் கொடுத்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. "சுவீகாரம்" என்ற சொல்லுக்குத் தனதாக்கிக் கொள்ளுதல் என்பது பொருள். கொடுப்பவள் ஒருத்தி, தனதாக்கிக் கொள்பவள் ஒருத்தி. இரு சொற்களும் சேர்ந்தால்தான் செய்தி முழுமையாகும்.

கன்னியர் இல்லங்களின் பங்கு

"சிஸ்டர்மார் நடத்தும் இல்லத்துக்குப் போய்க் கேட்டால் குழந்தை கொடுப்பார்களா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அக்காலத்தில் கொடுத்தார்கள். இன்று அவ்வாறு இயலாது.

மாநில அரசின் அங்கீகாரம் பெற்ற சிறப்புத் தத்து மையங்கள் மட்டுமே தத்துக்குரிய குழந்தைகளை வைத்து வளர்க்கலாம். இவற்றுள் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவையும் உண்டு. குழந்தையை வளர்ப்பது, நோய்க்கு மருத்துவம் பார்ப்பது, அதைப் பற்றிய அறிக்கை எழுதுவது, புதிய பெற்றோரைப் பழக்கி அனுப்புவது ஆகியவை இவர்களின் பணி. ஆனால், எந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போகும் என்பதை மையம் தீர்மானிப்பதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே காத்திருப்புப் பட்டியல். பதிவு செய்த வரிசைப்படியே அழைப்பு. கிறிஸ்தவ மையத்தின் குழந்தை இந்து வீட்டுக்குப் போகலாம். இந்து அன்பர் நடத்தும் மையத்தின் குழந்தை கத்தோலிக்க வீட்டுக்கு வரலாம்.

இம்முறை எல்லாருக்கும் உடன்பாடாக இருந்ததா என்றால், இல்லை. அன்னை தெரேசா கருக்கலைப்புக்கு மாற்றாகத் தத்தளித்தலை முன்வைத்து உழைத்தவர் என்பதை யாவரும் அறிவர். அவர் நிறுவிய பிறரன்பின் பணியாளர் சபை, 2015-இல் வந்த புதிய நெறிமுறைகள் தங்கள் மனச்சான்றுக்கு ஒத்துவரவில்லை என்று கூறி, இந்தியாவில் தத்தளிக்கும் பணியிலிருந்து விலகிக்கொண்டது. தனித்து வாழ்வோர்க்குக் குழந்தையைக் கொடுப்பது அவர்களுக்கு இருந்த தயக்கங்களுள் ஒன்று. வேறு கிறிஸ்தவ நிறுவனங்கள் புதிய விதிகளை ஏற்றுப் பணியைத் தொடர்கின்றன. இரு சாராரும் குழந்தையின் நலத்தையே எண்ணினார்கள் என்பதில் ஐயமில்லை.

முன்பு ஒரு மதரின் நல்லெண்ணத்தை நம்பியிருந்தோம். அதில் கனிவு இருந்தது. ஆனால் உரிமைக்கு உறுதி இல்லை. இன்று காத்திருப்பு நீண்டது. கணினி வரிசை இருக்கிறது. ஆனால் குழந்தைக்குக் கிடைப்பது முழு உரிமை. இந்த வேற்றுமையை நாம் உணரவேண்டும்.

படிப்படியாக

என் தங்கைக்குத் திருமணமாயிற்று. அவளுக்கும் குழந்தை இல்லை. 2019 டிசம்பரில் அவளும் கணவரும் காராவின் இணையத்தளத்தில் பதிவு செய்தார்கள். அவர்கள் கடந்து வந்த படிகளை, இன்றைய விதிகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதற்படி பதிவு. தம்பதியர்க்குத் திருமணமாகி இரண்டாண்டுகளேனும் ஆகியிருக்கவேண்டும். இருவரின் சம்மதமும் வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் இருவர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேற்படலாகாது. பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையே குறைந்தது 25 வயது வேறுபாடு இருக்கவேண்டும். தனித்து வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. பிறப்பு, திருமணம், வருமானம், உடல்நலம் ஆகியவற்றுக்கான சான்றுகள் தேவை.

இரண்டாவது, வீட்டு ஆய்வு. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே வருவார். வீடு பெரிதா என்று பார்க்க அவர் வருவதில்லை. "ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள்? பிள்ளைக்கு நோய் கண்டால் என்ன செய்வீர்கள்? படிப்பு வராவிட்டால்? உண்மையை எப்போது சொல்வீர்கள்?" என்றெல்லாம் கேட்பார். என் சித்தியையும் தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். "பாட்டி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றதற்கு, "என் மகள் செய்த தவறு ஒன்றுமில்லை, நான் செய்த தவறு ஒன்றுண்டு, அதை அவள் செய்யமாட்டாள்" என்றாராம்.

மூன்றாவது, காத்திருத்தல். தங்கை மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்தாள். கைக்குழந்தையை விரும்பிப் பதிவு செய்தோர் மிகப் பலர். தத்துக்குரிய கைக்குழந்தைகளோ சிலர். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கும், உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும் வீடு கிடைப்பதுதான் கடினமாக இருக்கிறது. இது நம் மனத்தைத் தொடவேண்டிய செய்தி.

நான்காவது, அழைப்பு. முறை வந்ததும் குழந்தையின் படம், வளர்ச்சி அறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவை வரும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். பிறகு நேரில் சென்று பார்க்கலாம். தாங்கள் நம்பும் மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கலாம். சம்மதித்துக் கையெழுத்திட்டதும், இறுதி உத்தரவு வரும்வரை வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். 2023 பிப்ரவரியில் பத்து மாதப் பெண் குழந்தையோடு தங்கை வீடு திரும்பினாள். அவளும் ரயிலில்தான் வந்தாள்.

ஐந்தாவது, உத்தரவு. முன்னர் நீதிமன்றம் வழங்கியதை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். இரண்டு மாதங்களுக்குள் வழங்கவேண்டும் என்பது விதி. அந்த உத்தரவைக் கொண்டு புதிய பெற்றோரின் பெயரிட்ட பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அன்றிலிருந்து அக்குழந்தை அவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குச் சமம். சொத்துரிமையும் அதனுள் அடங்கும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக இரண்டாண்டுகள் சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார்.

இவ்வளவு நீண்ட வழியா என்று மலைத்துச் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆயாவிடமோ நர்ஸிடமோ சொல்லிவைத்துப் பணம் கொடுத்துக் குழந்தை வாங்குகிறார்கள். 2019-இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கு நாட்டையே உலுக்கியது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் அபராதமும் பெறும் குற்றம். மருத்துவமனையைச் சேர்ந்தவரே செய்தால் தண்டனை ஏழாண்டு வரை நீளும். தவிட்டுக் கேலி அங்கே உண்மையாகிவிடுகிறது. அவ்வாறு வந்த குழந்தைக்கு எந்தத் தாளிலும் இடமில்லை. என்றாவது ஒரு நாள் காவல்துறை வந்து கதவைத் தட்டலாம்.

இன்னொரு குறிப்பு. பழைய 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் உத்தரவு மட்டும் பெற்று வளர்த்த பெற்றோர் இன்றும் பலர் உள்ளனர். அவர்கள் காலந்தாழ்த்தாமல் ஒரு நல்ல வழக்கறிஞரைக் கண்டு உயில் எழுதி வைப்பது நன்று. "எங்களுக்குள் என்ன பிரச்சினை வரப்போகிறது?" என்றுதான் என் சித்தப்பாவும் நினைத்தார்.

திருச்சபையின் நோக்கு

இஸ்ராயேல் மக்களை மீட்ட மோயீசன், பாரவோன் மகளின் வளர்ப்பு மகன். தன் இனத்தைக் காத்த எஸ்தர், பெற்றோரை இழந்து மொர்தெக்காயிடம் மகளாக வளர்ந்தவள். புனித சூசையப்பர் நம் ஆண்டவருக்கு இயேசு என்று பெயரிட்டார். யூத முறைமையில் பெயரிடுதல் தந்தையின் உரிமை. புனித சின்னப்பர் தம் நிருபங்களில், இறைவன் நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டதைக் குறிக்க, தத்தெடுத்தல் என்ற சட்டச் சொல்லையே ஆள்கிறார். அவர் வாழ்ந்த உரோமைப் பேரரசில் தத்துப் பிள்ளை குறையுள்ள பிள்ளை அல்லன், முழு வாரிசு. பேரரசர் அகுஸ்துவே யூலியு செசாரின் தத்து மகன்தான். சின்னப்பரின் வாசகர்களுக்கு அச்சொல்லின் கனம் தெரிந்திருக்கும்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே பின்பற்றுகிறது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர்கள், தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதப்படுவர் என்பது அதன் 110-ஆம் விதி. திருமுழுக்குப் பதிவேட்டில் தத்தெடுத்த பெற்றோரின் பெயரை எழுதவேண்டும் என்று 877-ஆம் விதி கூறுகிறது. "நாட்டுச் சட்டப்படி" என்ற சொற்களைக் கவனியுங்கள். அன்பு மட்டும் போதும் என்று திருச்சபையும் சொல்லவில்லை. அன்பு, நீதியின் துணையோடு நிற்கவேண்டும்.

உண்மையைச் சொல்லுதல்

சட்டம் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. மீதியை வீடுதான் செய்யவேண்டும்.

"எப்போது சொல்வது?" என்று கேட்கும் பெற்றோர்க்குத் தங்கை கூறும் விடை: "சொல்லாத நாளே இருக்கக்கூடாது." குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். இரவில் தூங்கவைக்கும்போது சொல்லும் கதை அதுதான். "அம்மாவும் அப்பாவும் ரயிலேறிப் போனார்கள். அங்கே ஒரு சிஸ்டர் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாய்." குழந்தை கண்ணாடி இழுத்த இடத்தில் ஒவ்வொரு நாளும் சிரிக்கிறது. "இன்னொரு முறை ரயில் கதை சொல்" என்கிறது. வளர வளர அந்தக் கதையில் பெற்றவளும் இடம் பெறுவாள் என்று தங்கை கூறுகிறாள். வயது வந்த பின் தன் பிறப்பைப் பற்றி அறிய விரும்பினால், முறைப்படி தேட விதிகளும் இடம் தருகின்றன.

மாணவியராகிய நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உடன் படிக்கும் ஒருத்தி தத்துப் பிள்ளை என்று தெரிந்தால், "உன் உண்மையான அம்மா யார்?" என்று கேளாதீர்கள். அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் பொய்யான அம்மா அல்லள். தெரிந்ததை மற்றவரிடம் பரப்பாதீர்கள். அது அவள் சொல்லவேண்டிய செய்தி. இரக்கம் காட்டாதீர்கள், நட்பே போதும்.

எங்கேனும் கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் நீங்களே வைத்துக்கொள்ளவோ, யாரிடமேனும் கொடுக்கவோ கூடாது. காவல் நிலையத்துக்கோ 1098 என்ற எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள். 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது சட்டம் விதித்த கடமை.

2025 மே மாத விடுமுறையில் நான் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் பள்ளிப் படிவம் வாங்கி வந்திருந்தார்கள். "பெற்றோர் / பாதுகாவலர்" என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு வந்ததும் தங்கையின் பேனா நின்றது. பிறகு "பாதுகாவலர்" என்ற சொல்லை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதினாள். எதிரில் அமர்ந்திருந்த சித்திக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. "இங்கே கொடு, பார்க்கிறேன்" என்று படிவத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஒரு வரியை வெகுநேரம் படித்தார்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பழமொழி. தத்துப் பிள்ளைக்கு அது பொருந்தாது. ஏனெனில், அவள் ஊரான் பிள்ளை அல்லள். பெற்றவளை நன்றியோடும், வளர்ப்பவளை மதிப்போடும் நினைப்போம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடியும், அந்த மடிக்குச் சட்டம் தந்த ஒரு பெயரும் கிடைக்க இறைவனை வேண்டுவோம்.

— தமிழாசிரியை, இப்பள்ளியின் முன்னாள் மாணவி